மழை அழித்த ஏழு ஓட்டங்கள்

என் கல்யாணப் பேச்சு பச்சை மீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உறைந்து போய்விடும் போலிருந்தது.

நான் கட்டிக்கொள்ளப்போகும் சங்வானின் அப்பாவும் அம்மாவும் குவாங்ஜுவிலிருந்து எங்கள் ஊரான பூசானுக்கு வந்திருந்தார்கள். முதல் சந்திப்பு. கடற்கரை உணவகத்தில் தனி அறை எடுத்து, இரண்டு குடும்பமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். என் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண் பரிசோதிக்க வருபவர்களிடம் அவர்கள் கொழுந்தியாள் கதைவரை விசாரிப்பார். அன்றைக்குக் கழுத்தில் டை கட்டியபோது வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார் போல. ரயில்வேயில் ஓய்வு பெற்ற என் வருங்கால மாமனார் ஹக்சொல், "மீன் நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னார்.

என் அம்மாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "சாயங்காலம் சாஜிக் மைதானத்துல பேஸ்பால் மேட்ச் இருக்கு. எல்லாருமா போயிட்டு வரலாமா?"

"யாரோட?" என்றார் மாமா.

"உங்க ஊரோடதான்."

சங்வான் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். அவன் வீட்டில் பூசானோடு ஆட்டம் என்றால் வீட்டு நாய்கூடக் குரைக்காது. எங்கள் வீட்டிலோ, நான் பிறந்ததிலிருந்து எங்கள் அணி கோப்பை வாங்கியதில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் "இந்த வருஷந்தான்" என்பார்.

கிடைத்த இடம் எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டத்துக்கு நட்டநடுவில். மாமா கோட்டைக் கழற்றாமல், கோயிலில் உட்கார்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் இன்னிங்ஸிலேயே குவாங்ஜுப் பந்துவீச்சாளர், முதல் பேஸில் நின்ற எங்கள் ஓட்டக்காரன் அடுத்த பேஸுக்கு நழுவாதபடி மிரட்ட, அங்கே பந்தை எறிந்தார். அரங்கமே ஒரே குரலில் "டேய்!" என்று அதட்டியது. சங்வானின் அம்மா, என் வருங்கால அத்தை, பதறி, கையில் வைத்திருந்த கோழி வறுவலை மடியில் போட்டுவிட்டார்.

"என்னைய ஏம்மா திட்டறாங்க?"

"உங்கள இல்ல அத்தை, அந்தப் பந்து போடறவன."

"அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளதானே" என்றார் அத்தை. அடுத்த முறை அந்தப் பிள்ளை அதே வேலையைச் செய்தபோது, அத்தையின் "டேய்!" மற்றவர்களுக்கு அரை நொடி முன்னாலேயே கேட்டது. மாமா திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது இன்னிங்ஸ். எங்களுக்கு ஏற்கெனவே மூன்று ஓட்டம். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, மட்டையோடு வந்தவர் எங்கள் அணியின் பருத்த, வயதான ஆட்டக்காரர். அந்த வருஷம் அதுவரை அவர் உருப்படியாக எதையும் அடித்ததில்லை.

"போச்சு. இந்தத் தடியன் கைல மட்டைக்குப் பதிலா வெளக்கமாத்தக் குடுத்தா தரையாவது சுத்தமாகும்" என்றார் அப்பா.

தடியன் அடித்தார். பந்து விளக்குக் கம்பங்களின் உயரத்துக்கு எழும்பி, இறங்க மனமில்லாததுபோல் போய், சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஒரே அடியில் நான்கு ஓட்டம். அப்பா அலறிக்கொண்டே பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் அது சம்பந்தி என்று தெரிந்தது. மெதுவாகக் கீழே இறக்கி, கோட்டைத் தட்டிச் சரிசெய்துவிட்டார்.

"ஏழு பூஜ்யந்தானே" என்றார் மாமா. "எங்க பசங்க எட்டு எடுப்பாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "எட்டா? உங்க பசங்க இன்னைக்கு எட்டு மடக்குத் தண்ணி குடிச்சாலே பெரிசு, சம்பந்தி."

"உங்க டீமப் பத்தித் தெரியாதா? ஏழு ரன் முன்னால இருந்தாத்தான் உங்களுக்கு நல்லாத் தோக்க வரும்."

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா பீர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பாடா, சண்டை ஆரம்பிச்சிருச்சு" என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

நான்காவது இன்னிங்ஸில் மழை பிடித்தது. ஆட்டத்தை நிறுத்தி, மைதானத்தைத் தார்ப்பாயால் மூடினார்கள். ஐந்து இன்னிங்ஸ் முடியாமல் கைவிட்டால் எல்லாம் செல்லாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"மேல பாத்து என்ன வேண்டிக்கறீங்க, சம்பந்தி?" என்று கேட்டார் அப்பா.

"நான் ஒண்ணும் வேண்டல. மூக்குல தண்ணி விழுந்துச்சு, பாத்தேன்."

"நிக்கச் சொல்லி வேண்டுங்க."

"என் வேண்டுதலா? இவனுக்கொரு கல்யாணம் ஆகட்டும்னு பத்து வருஷமா வேண்டினேன். இப்பத்தான் காதுல விழுந்திருக்கு."

அத்தை இதற்குள் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பை ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, காற்றடைத்துத் தலையில் மாட்டிக் காதோரம் முடிந்துகொண்டிருந்தார். பூசான்காரர்களின் அடையாளமே அதுதான்.

"நீயுமா?" என்றார் மாமா.

"நேத்துதான் முடி சுருட்டிட்டு வந்தேன். சுருள் போச்சுன்னா உங்க டீமா வந்து சுருட்டும்?"

மழை விடவில்லை. ஆட்டம் ரத்து என்று அறிவித்தார்கள். ஸ்கோர் பலகையில் ஒளிர்ந்த ஏழும் அணைந்தது. அப்பா பொத்தென்று உட்கார்ந்தார்.

"அந்த மனுஷன் எப்பவோ ஒரு நாள் அடிச்சான். அதுவும் அடிக்காததாப் போச்சே."

மாமா அவர் தோளில் கை வைத்தார். "நான் பாத்தேன், சம்பந்தி. குவாங்ஜுக்காரனே அடிச்சான்னு சாட்சி சொன்னா, எவன் இல்லேங்கப் போறான்?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அரங்கம் கூச்சலிட்டது. தடியன் சட்டைக்குள் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு, கொட்டும் மழையில் தார்ப்பாய்மேல் ஓடிவந்தார். இல்லாத பந்தை இல்லாத மட்டையால் அடித்தார். ஒவ்வொரு பேஸையும் சுற்றி வந்து, கடைசியில் தொப்பையாலேயே வழுக்கிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கைபோல எழுந்தது. மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அப்பா முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கத்தில் குவாங்ஜுக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள். எங்கள் கூட்டத்தின் நடுவே மாமா தன்னந்தனியாக எழுந்து நின்று, நனைந்த கோட்டோடு அதைப் பாடினார். அப்பாவும் எழுந்தார். வார்த்தை தெரியாமல், தாளம் தப்பாமல் கை தட்டினார். அப்புறம் எங்கள் வரிசையே தட்டியது.

வெளியே வந்து, பன்றிக்கறி சூப்புக் கடையில் ஆறு பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்தோம். "நீங்க பிறந்தது என்ன வருஷம்?" என்று அப்பா கேட்டார். எங்கள் நாட்டில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர்.

"புலி."

"நான் முயல். ஒரு வருஷம் சின்னவன்."

"அப்ப நான் அண்ணன். ஊத்து தம்பி."

அப்பா மூத்தவருக்குக் காட்டும் மரியாதையோடு இரண்டு கையாலும் மதுவை ஊற்றினார். கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். மாமா யோசித்தார். "ஊர் எதுவா இருந்தா என்ன, மண்டபத்துக்குக் கூரை இருக்கணும்."

விட்டுப்போன அந்த ஆட்டம் செப்டம்பரில் மறுபடி நடந்தது. எங்கள் அணி கேவலமாகத் தோற்றது. கடைசிப் பந்து விழுந்த உடனே அப்பாவின் போன் அடித்தது.

"குவாங்ஜு அண்ணன்தான். நான் செத்துட்டேன்னு சொல்லிரு" என்றார் அப்பா.

போனை எடுத்து அப்படியே சொன்னேன். "அப்ப எழவுக்குக் கிளம்பி வரேன்னு சொல்லு, சூப்பு வைக்கச் சொல்லு" என்றார் மாமா. அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். சாப்பாடு ஆறும்வரை இறங்கவில்லை.