தட்டு ஏந்துற கை

கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் பன்னிரண்டு வயலின்காரர்கள் இருக்க, பதிவை நடத்தும் ஜெஃப்ரிக்கு அன்புச்செல்வியின் இடது கை மட்டும்தான் கண்ணை உறுத்தியது. "மணிக்கட்டு மடங்குது மேடம். தட்டு ஏந்துற கை மாதிரி இருக்கு," என்றார், மூன்றாவது முறையாக.

அவள் மயிலாப்பூரில் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக் கற்றவள். அங்கே வயலினைத் தாங்குவது காலின் பாடு. கைக்குத் தந்தியில் ஓடுவது ஒன்றுதான் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் இந்த ஸ்டுடியோ வேலைக்காக ஆறு மாதம் கண்ணாடி முன் நின்று மணிக்கட்டை நிமிர்த்திப் பார்த்துவிட்டாள். அது நிமிர்ந்தால் விரல் மரத்துப்போகிறது.

அன்றைய பாட்டில், ஒரே விரல் நாலு சுரம் வழுக்கி இறங்கும் கமகம் ஒன்று வந்தது. நேரான மணிக்கட்டுக்காரர்கள் பதினோரு பேரும் வாசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. ஜெஃப்ரி மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

அன்புச்செல்வி நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வயலின் தலை கணுக்காலுக்கு வந்தது.

"மேடம், மைக் மேல இருக்கு," என்றார் ஜெஃப்ரி.

"ஆறு மாசம் நான் கையை மாத்திக்கினு இருந்தேன் சார். இன்னிக்கு நீங்க மைக்கை இறக்குங்க."