ஒரு சொல்லுக்கு எத்தனை உத்தியோகம்

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்து கறுப்புச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளிவிட்டுப் போகிறது, மணிக்கட்டில் கோயில் கயிறு, நக இடுக்கில் கிரீஸ் கறை, எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் உலகம்மாளுக்கு அந்தக் கைதான் முதலில் வருகிறது, முகம் பிறகுதான், ஏனென்றால் அன்றைக்கு அவள் தலை குனிந்து பலகையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், செங்கோட்டைக்கு மேற்கே மலை ஏறும் சாலையில் வணிகவரிச் செக்போஸ்ட்டில், லாரி வராத ஒரு காலை நேரத்தில், தனக்குத் தானே எதிராளியாக ஆடிக்கொண்டு. பலகை அவள் கணவருடையது, உட்கார்ந்திருந்த நாற்காலியும் அவருடையதுதான், அவர் இறந்துபோன எட்டாம் மாதம் கருணை அடிப்படையில் அவளுக்கு வந்தது, இழுப்பறையைத் திறந்தால் முத்திரை, மைப்பெட்டி, குண்டூசி டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் இந்த மடக்குப் பலகை. வீட்டில் இரண்டு பேரும் ஆடும்போது அவர் எப்போதும் கறுப்பு, அதனால் அவள் வெள்ளையை நகர்த்திவிட்டுப் பலகையைத் திருப்பி, அவர் இருந்தால் இப்போது என்ன செய்வார் என்று யோசித்து, கறுப்பையும் தானே நகர்த்துவாள், ஐந்து வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது, அதற்குள் இந்தக் கை.

யாரு அது, என்று நிமிர்ந்தாள். முட்டை லாரிங்க மேடம், நாமக்கல்லுல இருந்து வாரேன், பில்லுல சீல் போடோணும், என்றார் கைக்குச் சொந்தக்காரர், ஐம்பதைத் தொட்ட வயது, நரைத்த மீசை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, கருப்புக்கு ஆளே இல்லியாட்டம் இருக்குது, அதானுங்க கை வெச்சுட்டேன், தப்புங்களா? தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தவள் பலகையைப் பார்த்தாள், அந்தச் சிப்பாய் அங்கே போய் நின்றதில் தன் குதிரைக்கு வழி அடைபட்டுவிட்டது தெரிந்தது, தான் யோசித்திருந்தால் அதை அங்கே வைத்திருக்கவே மாட்டாள், அவள் கணவரும் வைத்திருக்க மாட்டார், இது யாரோ வேறொருவர் ஆடிய ஆட்டம், அந்த எண்ணம் ஏனோ மார்புக்குள் ஜில்லென்று இறங்கியது, பில்லில் முத்திரையைக் குத்தி நீட்டிக்கொண்டே, போற வழியில ஒண்ணு, வார வழியில ஒண்ணு, அதுக்கு மேல கை வைக்கப்பிடாது அண்ணாச்சி, என்றாள். அண்ணாச்சின்னு கூப்பிடாதீங்க மேடம், எங்கூர்ப்பக்கம் அது மளிகைக் கடைக்காரரு, என்று அவர் சிரித்தார், ஆனால் அவள் அப்படியேதான் கூப்பிட்டாள், நான்கு வருடமும்.

செங்கோட்டுவேல் என்று பெயர், திருச்செங்கோட்டுக்காரர், செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி வாக்கில் முட்டையோடு புனலூருக்குப் போவார், மறுநாள் வெறும் அட்டைகளோடு திரும்புவார், வாரத்துக்கு நான்கு முறை, முத்திரை காயும் நேரத்துக்குள் ஒரு நகர்த்தல், அவர் போன பிறகு அவள் சாவகாசமாக யோசித்துத் தன்னுடையதை வைப்பாள், ஓர் ஆட்டம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், ஆக நான்கு வருடத்தில் இருபத்தொரு ஆட்டம், இருபத்தொன்றிலும் அவள்தான் ஜெயித்தாள். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, தோற்றதும், அடுத்தது போடுங்க மேடம், வண்டி ஓட்டீட்டே யோசிக்கறதுக்கு எனக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா, என்பார், மலை வளைவுகளில் பலகையை மனதுக்குள் விரித்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாராம், ஒரு முட்டை உடைந்ததில்லை என்று சத்தியம் செய்வார்.

சொல்லைப் பற்றிய பேச்சை ஆரம்பித்ததும் அவர்தான். இருபத்தோராவது ஆட்டத்தில் ஒருநாள் ஜன்னல் வழியாக ராணியை எடுத்து வைத்துவிட்டு, செக், என்று சாலைக்கே கேட்கிற மாதிரி கத்தினார், வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் பதறிப்போய் பில்லைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள், உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, செக்போஸ்ட்டுல செக்குன்னு நீங்க சொல்லலாமா அண்ணாச்சி, அதச் சொல்லத்தான கவர்மென்ட்டு எங்களுக்குச் சம்பளம் குடுக்கு, என்றாள். அவர் லாரியில் ஏறப் போனவர் திரும்பி வந்தார், ஆமாங்க, நானும் ரொம்ப நாளா யோசிக்கறேன், இங்க செக்கு, ஆட்டத்துல செக்கு, பேங்க்குல குடுக்கறதும் செக்கு, கட்டம் போட்ட சட்டை கேட்டா செக்குச் சட்டைங்கறான், ஆசுபத்திரிக்குப் போனா செக்கப்புங்கறான், ஒரு சொல்லுக்கு இத்தனை உத்தியோகமுங்களா, சம்பளம் ஒண்ணுதானா, என்று கேட்டார், எம் மககிட்ட கேட்டுச் சொல்லுதேன், என்றாள் அவள்.

மகள் பூங்கோதை பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள், அம்மா போன் செய்தாலே சாப்பிட்டியா, தூங்குனியா என்றுதான் வரும் என்று நினைத்திருந்தவள், செக்குங்கிற வார்த்தை எங்க இருந்துட்டீ வந்தது என்ற கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள், பிறகு கல்லூரி நூலகத்தில் தலையணை மாதிரி கிடந்த அகராதியைப் புரட்டி, அம்மா, நம்பவே மாட்டே, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான், என்று ஆரம்பித்தாள், உலகம்மாள் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள், மூன்று தாள் வந்தது. அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் லாரி வரிசை மலையடிவாரம் வரை நின்றுவிடும், அதனால் நகர்த்தலுக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்னாள். முதலில், பாரசீகத்தில் ஷா என்றால் ராஜா, ராஜாவுக்கு ஆபத்து வந்தால் ராஜா, ராஜா என்று எச்சரிப்பது ஆட்டத்தில் வழக்கம், அந்த ஷா அரபுக்காரர் வாயிலும் பிரெஞ்சுக்காரர் வாயிலும் உருண்டு இங்கிலீஷ்காரரிடம் வந்து சேரும்போது செக் ஆகிவிட்டது. அப்ப நான் அன்னிக்கு உங்களைப் பார்த்து ராஜான்னுதான் கத்தியிருக்கேனுங்க, என்று செங்கோட்டுவேல் கும்பிட்டார்.

அடுத்த தடவை, ராஜாவுக்குச் செக் வந்தால் மற்ற எல்லாம் நின்றுவிட வேண்டும், அதிலிருந்து செக் என்றால் நிறுத்துவது, தடுப்பது, அப்படி வந்ததுதான் நம்ம செக்போஸ்ட், நிறுத்திவிட்டுச் சும்மா விடுவார்களா, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் செக், திருட்டுத்தனம் நடக்காமல் சரிபார்க்க வைத்துக்கொண்ட துண்டுச் சீட்டிலிருந்து பாங்க் செக். அதற்கடுத்த தடவை, ஆட்டப் பலகையின் கட்டங்களைப் போல இருப்பதால் கட்டம் போட்ட துணியெல்லாம் செக், என்று சொன்னபோது அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார், அப்ப இத்தனை வருசமா நான் சதுரங்கப் பலகையைத்தான் கட்டீட்டுத் திரியறேனுங்களா, என்றார், சிரிப்பில் உலகம்மாளுக்கு முத்திரை கோணலாக விழுந்தது. கடைசித் தாளில்தான் அவளே அசந்துபோன சங்கதி இருந்தது, அந்தக் காலத்தில் இங்கிலாந்து ராஜாவுக்கு வரி வசூலித்தவர்கள் கட்டம் போட்ட விரிப்பு விரித்த மேசையில் காய்களை நகர்த்தித்தான் கணக்குப் பார்த்தார்களாம், அந்த விரிப்பு சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் ராஜாவின் கஜானா இலாகாவுக்கே எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்துவிட்டதாம். அப்ப பாருங்க அண்ணாச்சி, நான் ஆபீஸ் நேரத்துல செஸ் ஆடலை, இலாகா வேலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், என்று அவள் சொன்னாள், பின்னால் மேசையிலிருந்த அதிகாரி செருமினார்.

அது இரண்டாயிரத்துப் பதினேழு, புது வரி வரப்போகிறது என்று பத்திரிகையில் வந்தபோது யாருக்கும் பதற்றமில்லை, ஜூலை முதல் தேதியிலிருந்து எல்லையில் வரிச் செக்போஸ்ட்டே கிடையாது என்று உத்தரவு வந்தபோதுதான் எல்லாரும் இடமாற்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், உலகம்மாளுக்கு ஊருக்குள்ளேயே அலுவலகம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம், நல்லதுதான், ஆனால் பலகையில் இருபத்திரண்டாவது ஆட்டம் பாதியில் நின்றது, அவள் ராணி அவருடைய பக்கத்தில் புகுந்து நிற்கிறது, இன்னும் நாலைந்து நகர்த்தலில் முடித்துவிடலாம், அடுத்து நகர்த்த வேண்டியவர் அவர். ஜூன் முப்பது வெள்ளிக்கிழமை, அவருடைய நாள்தான், வருவார், போன் நம்பர் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள், நான்கு வருடத்தில் அது தேவைப்பட்டதே இல்லை, வாரத்துக்கு நான்கு தடவை வருகிறவரிடம் நம்பர் எதற்கு? லாரி வந்தது, அதே லாரி, அதே நம்பர், ஸ்டியரிங்கில் வேறு ஆள். செங்கோட்டுவேல் அண்ணனோட மகளுக்குப் பிரசவமுங்க, ஈரோட்டு ஆசுபத்திரியில நிக்கறாரு, நான் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான், பலகையை மட்டும் படம் புடிச்சாரச் சொன்னாருங்க, என்று ஜன்னல் வழியாகப் போனை நீட்டி எடுத்துக்கொண்டான் அவன், நல்ல சேதிதான், எல்லாம் நல்லபடியா நடக்கட்டும் என்று முத்திரை குத்திக் கொடுத்தாள், நம்பரைக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது, பின்னால் பத்து லாரி, பக்கத்தில் நான்கு சக ஊழியர்கள், ஒரு டிரைவரின் நம்பரை ஒரு பெண் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பாழாய்ப்போன கூச்சம், கேட்கவில்லை. சாயங்காலம் காய்கள் நின்ற இடங்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு பலகையோடு வீட்டுக்கு வந்து, அலமாரி மேல் அதே போல் அடுக்கி வைத்தாள், பூங்கோதை விடுமுறைக்கு வந்தபோது தூசி தட்டப் போனவளை, தொடாதட்டீ, அவரு ஆட்டம், என்று அலறித் தடுத்தாள்.

ஆடி போனது, ஆவணி போனது, புது அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது, கம்ப்யூட்டர் மட்டும், யாரும் கை நீட்டுவதில்லை, அவள் கறுப்பை ஒருநாளும் தானே நகர்த்திப் பார்க்கவில்லை, முன்னே ஐந்து வருடம் சுலபமாகச் செய்தது இப்போது கை வரவில்லை. ஐப்பசியில் பழைய செக்போஸ்ட்டில் கிடக்கும் மேசை நாற்காலிகளைக் கணக்கெடுத்து வரச் சொன்னார்கள், அலுவலக உதவியாளர் சுடலைமுத்துவோடு ஜீப்பில் போனாள், மழை பெய்து ஓய்ந்திருந்தது, கட்டடத்தைச் சுற்றி முழங்கால் உயரப் புல், அவளுடைய ஜன்னலுக்குத் தகரம் அடித்திருந்தார்கள், அதற்குக் கீழே, கூரை ஓரளவுக்குச் சாரலை மறைத்த சுவரில், செங்கல் துண்டால் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு காயும் எங்கே நின்றதோ அங்கே அதன் பெயரைச் சுருக்கிக் குறித்து, கறுப்புக் குதிரை ஒன்றுக்கு மட்டும் வளைந்த அம்பு இழுத்து, பக்கத்தில் பெரிதாக, மேடம் செக், என்று எழுதியிருந்தது. என்னக்கா இது, எவன் கிறுக்கிப் போட்டிருக்கான், என்று சுடலைமுத்து அழிக்கப் போனான், அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், கோடுகளில் பழசும் புதுசும் கலந்திருந்தன, அழிய அழிய மேலேயே மறுபடி மறுபடி இழுத்திருக்கிறார், போன வாரக் கோடுகூட அதில் இருக்கும்.

அவள் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மூலையில் நின்ற தன் ராஜாவை வெளியே எடுக்கப் பார்த்தாள், பக்கத்தில் தன் யானை, முன்னால் தன் சிப்பாய்கள் இரண்டு, பாதுகாப்பு என்று தானே கொண்டுவந்து நெருக்கி நிறுத்தியவை, அசைய ஓர் இடமில்லை, குதிரையை வெட்ட ஒரு காயும் இல்லை, தன் ராணி எங்கோ தூரத்தில் வீரம் காட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு முறை பார்த்தாள், மூன்றாம் முறையும் பார்த்தாள், நான்கு மாதம் அலமாரி மேல் கண்ணெதிரே இருந்தும் இந்தக் குதிரை தாவும் என்று தோன்றவேயில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று உறைத்தது, மணி பத்தாகப் பத்து நிமிடம், கணக்கெடுப்பை நீ பாருப்பா என்று சுடலைமுத்துவை உள்ளே அனுப்பிவிட்டுச் சாலையோரம் வந்து நின்றாள்.

லாரிகள் போகின்றன, ஒன்றும் நிற்கவில்லை, நிற்க வேண்டிய அவசியம் இல்லை, தடுப்புக் கம்பம் இல்லை, முத்திரை இல்லை, பிறகு அந்த முட்டை லாரி வளைவில் திரும்பி, வேகம் குறைந்து, பழைய இடத்தில் பழையபடியே ஓரங்கட்டி நின்றது, கையில் செங்கல் துண்டோடு செங்கோட்டுவேல் இறங்கினார், அவளைப் பார்த்ததும் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார். மேடம், என்றார். மக நல்லாருக்காளா அண்ணாச்சி, என்ன பிள்ளை, என்று அவள் கேட்டாள். பொண்ணுங்க, மூக்கு என்னையாட்டமே, என்றவர் உடனே சுவரைக் காட்டி, பாத்தீங்களா, மழையில அழிஞ்சு அழிஞ்சு போகுதுங்க, ட்ரிப்புக்கு ட்ரிப்பு எழுதி வெச்சேன், என்னைக்காச்சும் வருவீங்கன்னு, சும்மா ஒரு செக்குதானுங்க, அதுக்கென்ன, நீங்க இந்நேரம் ஒரு வழி கண்டுபுடிச்சிருப்பீங்களே, சொல்லுங்க, அடுத்தது என்ன வெக்கறீங்க, என்றார்.

உலகம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள், அவருக்குத் தெரியவே இல்லை. நான்கு மாதமாகத் திரும்பத் திரும்ப எழுதியும், இருபத்தொரு முறை தோற்ற மனிதருக்கு அது வெறும் செக் இல்லை என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை, வழி இருக்கும், மேடத்துக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், அவள் சிரித்துப் பேசி, யோசிச்சுச் சொல்லுதேன் என்று போய்விட்டால் கடைசி வரை தெரியப் போவதுமில்லை. வழி இல்ல அண்ணாச்சி, என்றாள், ஆட்டம் முடிஞ்சு போச்சு, நீங்க ஜெயிச்சுட்டிய. அவர் நம்பவில்லை, விளையாடாதீங்க மேடம், என்றார், அவள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகச் சுவரிடம் அழைத்துப் போய், ராஜா இங்க போனா என் யானை, இங்க போனா என் சிப்பாய், உங்க குதிரையத் தொட ஆளில்ல, என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினாள், அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், மெல்ல அவர் வாய் திறந்துகொண்டது. அப்ப இது செக்மேட்டுங்களா, ராஜா செத்தாச்சுங்களா, என்று கேட்டார். சாகல்ல அண்ணாச்சி, மேட்டுன்னா பாரசீகத்துல என்ன செய்யன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கதுதானாம், எம் மக சொன்னா, என்றாள் அவள். அப்படீன்னா அது நாந்தானுங்க, என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்தபோது வேறு ஆளாகியிருந்தார், எதிர் டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் டீ சொன்னார், சுடலைமுத்துவைக் கட்டிப்பிடித்தார், போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, ஏம்புள்ள, நான் ஜெயிச்சுட்டேன், என்று கத்தினார், எதுலைங்க என்று அந்தப் பக்கம் கேட்டது வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டது, ராஜாங்கத்தையே, என்றார் இவர். உலகம்மாள் இந்த முறை நான்கு பேர் முன்னால் கூச்சமில்லாமல் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அடுத்த ஆட்டம் போன்ல, முதல்ல நீங்க வையுங்க, என்றாள், சரிங்க என்றவர் நான்கு முட்டையைத் துண்டுக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்துவிட்டு ஏறிப் போனார். அந்த வளைவுகளில் யாரும் அவசியமில்லாமல் ஹாரன் அடிக்க மாட்டார்கள், அன்றைக்கு அந்த முட்டை லாரி எதிரே ஒரு வண்டிகூட இல்லாத வளைவிலெல்லாம் அடித்துக்கொண்டே போனது, தோத்தது நீங்க, எதுக்குக்கா இந்தச் சிரிப்பு, என்று சுடலைமுத்து கேட்டான், இருப்பா, இன்னும் ரெண்டு வளைவு இருக்கு, என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.