ரம்பை போடாத சோறு

நான் சிற்றம்பலம். உருத்திரபுரத்தில் முப்பது வருசமாக வயல் செய்கிறேன், இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்துத்தான் சொல்கிறேன். எனக்குப் புத்தி சொன்னால் பிடிக்காது. அதை முதலே சொல்லிவிட்டேன்.

மனைவி கமலாசனிக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியபின் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள், "இஞ்சேருங்கோ, பரந்தன் கலியாணவீட்டிலை வாசமான சோறு சாப்பிட்டமே, அதெண்டால் ரெண்டு வாய் இறங்கும்" என்றாள். கடையில் வாங்கியிருக்கலாம். வயல்காரன் அரிசிக்குக் கடைக்குப் போவதா என்ற கொழுப்பு எனக்கு.

விவசாயப் போதனாசிரியை நிசாந்தினி வாசநெல் விதை தந்தாள். "ஐயா, யூரியாவைப் பாதியாக் குறையுங்கோ. கூடினால் பயிர் சாஞ்சிடும், வாசமும் போயிடும். வெட்டினாப் பிறகு றோட்டிலை போடாதேங்கோ, நிழலிலை காயவையுங்கோ" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். நேற்றுப் படித்து வந்தது எனக்கு நெல் காயவைக்கச் சொல்லித்தருகிறதாம்! யூரியா கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு அவளுக்கு என்ன தெரியும்? அந்த வருசம் மஞ்சளாய் நின்ற பயிரைப் பார்த்து வரம்பில் இருந்து அழுதவன் நான். கையில் யூரியா இருக்கும்போது குறைத்துப் போட மனம் வருமா? அள்ளி எறிந்தேன். பயிர் கரும்பச்சையாய் இடுப்புக்கு மேலே நின்றது, பார்த்தவன் எல்லாம் வாயைப் பிளந்தான். தை மழைக்கு அவ்வளவும் படுத்துவிட்டது. மிஞ்சியதை வெட்டி, இங்கே எல்லாரும் செய்கிறபடி தார் றோட்டில் பரப்பினேன். வெயிலுக்கு ஒரே நாளில் முறுகக் காய்ந்தது. மில்லில் பாதி குறுணலாய் விழுந்தது.

மாசியில் நானே உலை வைத்தேன். கமலாசனி சோற்றுக் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"வாசம் வரேல்லையப்பா."

எனக்கும் வரவில்லை. கடவுளாணை, துளிகூட வரவில்லை. ஆனால் என் நெல்லில் பிழை என்று என் வாயால் சொல்வதா?

"அரிசியிலை ஒரு பிழையும் இல்லை. மருந்து உன்ரை மூக்கைப் பழுதாக்கிப் போட்டுது!" என்று கத்தினேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளை நீர் என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் நீ வந்தது.

அவள் சண்டை பிடிக்கவில்லை. "ஓம், என்ரை மூக்குத்தான் போலை" என்று மூன்று வாய் சாப்பிட்டாள். பிறகு அதையே நம்பிவிட்டாள். தலையில் மல்லிகை வைத்துவிட்டால், "மணக்குது, ஆனால் முழுக்க இல்லைப் போலை" என்பாள். அடுத்தமுறை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் வயிற்றைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா, மூக்குக்கு ஏதும் மருந்திருக்கோ?" என்று கேட்டாள். பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சனியன் பிடித்த வாய், திறக்கவில்லை.

சித்திரையில் விதைத்த சிறுபோகத்தில் நிசாந்தினி சொன்னபடியே செய்தேன். யூரியா பாதிதான். பயிர் சாயவில்லை, கதிர் பதரில்லாமல் நிறைந்தது, விளைச்சலும் முந்தியதைவிடக் கூட. பூக்கும்போதே வரம்பில் மணத்தது. சோறாக்கிக் கையில் கொடுத்துவிட்டுப் பிழையை ஒப்புக்கொள்வோம் என்று பேசாமல் இருந்தேன். வெட்ட மூன்று கிழமை இருக்க, ஆடியில் கமலாசனி போய்விட்டாள்.

வெட்டிய நெல்லை மாமரத்துக்குக் கீழே படங்கு விரித்து, நாலு நாள் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தேன். மில்லில் அரிசி முழுசு முழுசாய் வந்தது. அதைப் பார்த்து வந்த ஆத்திரத்துக்கு மில்காரனோடு சும்மா சண்டை கொளுவினேன், பாவம் அந்த மனுசன்.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு அந்த அரிசிதான். உலை கொதிக்க வீடு முழுக்க மணத்தது. கமலாசனியின் தங்கை சுமித்திரா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், சோத்துக்கை ரம்பை இலை போட்டனீங்களோ? வெளி முற்றம் வரைக்கும் வாசம் வருது."

"ஒண்டும் போடேல்லைப் பிள்ளை."

படத்துக்கு முன்னால் இலையில் சோற்றை வைத்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"உம்மடை மூக்கு நல்லாத்தான் இருந்ததப்பா. என்ரை நெல்லிலைதான் பிழை" என்று சத்தம்போட்டுச் சொன்னேன். வந்திருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அவளைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.