இந்த ஊரிலிருந்து ஒருவர்

ஜெபசிங்குக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதை எல்லை தாண்டி மலையாள நகரத்தில் வேலைக்கு வந்து அவன் தங்கியிருந்த தம்பானூர் லாட்ஜின் வாட்ச்மேன்கூட ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்த்தாண்டத்திலிருந்து அம்மா செல்லபாய் ஞாயிறுதோறும் போன் செய்து, ஒரு பெண் இருக்கிறாள் என்பாள். இவன் "பாக்கலாம்மா" என்பான். பார்க்க மாட்டான். அவன் மனசு ஏற்கெனவே ஒருத்தியிடம் போய்விட்டது. அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. அவள் எழுதுவதை மட்டும் இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் படித்து வந்தான். ஆள் தெரியாமல் ஆசைப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இது இரண்டாயிரத்தாறில் நடந்தது. வலைப்பதிவு என்று ஒன்று வந்து, எழுதத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் தொடங்கியிருந்த காலம். அவள் பெயர் பத்மஜா, பக்கத்தின் பெயர் 'கடைசி பஸ்'. கரமனையிலிருந்து தினமும் பொன்முடி மலை அடிவாரத்துக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். மலைமேல் எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளைச் சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் தான் வீடு திரும்புவாள். அந்த பஸ், அந்தப் பிள்ளைகள், மழை, ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் அடிதடி, இவ்வளவுதான் அவள் எழுத்து. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் இருந்த தமிழ்க்குடும்பங்களில் முப்பது நாற்பது பேர் அதை விடாமல் படித்தார்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் புனைபெயரில் கருத்து எழுதி அரட்டையும் அடித்தார்கள். ஜெபசிங் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று நூறு தடவை நினைத்திருப்பான். அவ்வளவு நன்றாக எழுதுகிறவளிடம் 'நன்றாக இருக்கிறது' என்று போய்ச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இவன் வேலை செய்தது அந்தத் தெருக்களுக்கெல்லாம் கேபிள் வழியாக இணையம் கொடுத்த ஒரு சின்ன கம்பெனியில். எந்த வீட்டுக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கிற மெஷின் அவன் பொறுப்பு. ஜூலை மாத மழையில் ஒருநாள் அரசாங்கத்திலிருந்து பேக்ஸ் வந்தது. சில பக்கங்களின் பெயரைப் போட்டு, இவற்றை உடனே அடைக்கவும், காரணம் கேட்க வேண்டாம் என்கிற தோரணையில் இருந்தது. அடைப்பதில் ஒரு சிக்கல். கம்பெனியின் கிழட்டு மெஷினுக்குத் தனித்தனிப் பக்கமாக அடைக்கத் தெரியாது. அடைத்தால் அந்த விலாசத்தில் இருக்கிற எல்லோரையும் சேர்த்துத்தான் அடைக்கும். லட்சக்கணக்கான பேர் எழுதிக்கொண்டிருந்த விலாசம் அது. 'கடைசி பஸ்'ஸும் அங்கேதான் இருந்தது.

மேனேஜர் தாணு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "லேய் ஜெபசிங்கு, மேல இருந்து ஆர்டர் வந்தா அடைச்சிரணும், கேட்டியா? நாம என்ன சுப்ரீம் கோர்ட்டா?"

"சார், பத்துப் பதினஞ்சு பக்கத்துக்காவ எல்லாத்தையும் அடைக்கணுமா?"

"வேற வழி உண்டா? இல்லல்லா. அப்பம் அட."

வாடிக்கையாளர் போனை எடுக்கிற ராகேல் அக்கா சாயாவை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நல்ல காரியம்தான். எப்பமும் இப்படி ஒரு அடைப்பு வேணும், அதக் கவர்மெண்டேதான் போடணும். எங்க அனுஷாகூட படிச்ச புள்ளைக்க போட்டோவ எவனோ வெட்டி ஒட்டி அசிங்கமாப் போட்டுட்டான். அது இப்பம் வீட்ட விட்டு எறங்க மாட்டேங்கு. சுதந்திரம் பேசுகவன் அந்தப் புள்ளைக்க அம்மைக்க மூஞ்சியப் பாத்துப் பேசட்டு."

"அக்கா, அந்த போட்டோ இருக்க எடம் இந்த லிஸ்ட்ல இல்ல."

"இல்லன்னா சேக்கச் சொல்லு."

ராகேல் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. மேனேஜர் பக்கத்தில் நிற்க, தன் கையாலேயே அந்த விலாசத்தை அடித்து, பூட்டினான்.

ஆபீசில் சோதனைக்கென்று ஒரு தனி லைன் உண்டு. அது பூட்டுக்கு வெளியே ஓடுவது. அடைத்தது அடைபட்டதா என்று பார்க்க அது வேண்டும். மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன் அதில் உட்கார்ந்து 'கடைசி பஸ்'ஸைத் திறந்தான். திறந்தது. பழைய பதிவுகள் அப்படியே இருந்தன. அதற்கு அடுத்த நாள் காலை புதுப் பதிவும் இருந்தது.

"என் வீட்டுக்குள் என்னாலேயே போக முடியவில்லை. எழுதுகிற கதவு வேறு விலாசமாம், அது மட்டும் திறக்கிறது. எழுதலாம், எழுதியதைப் பார்க்க முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிறேன்" என்று ஆரம்பித்திருந்தாள். "வடிகட்ட வேண்டும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானும் வடிகட்டுகிறேன். இங்கே யார் கருத்து எழுதினாலும் நான் படித்துச் சரியென்று விட்டால்தான் வெளியே தெரியும். ஒரு தடவை ஒருவன் எழுதியதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதற்குப் பிறகு வைத்த ஏற்பாடு. என் வாசலுக்கு நான் தாழ்ப்பாள் போடுவது என் இஷ்டம். எவரோ வந்து வெளியே பூட்டிவிட்டு, உன் நல்லதுக்குத்தான் என்றால் எப்படி? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?"

கடைசியில் இப்படி முடித்திருந்தாள். "எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கு மட்டும் எனக்கு மெயிலில் வந்துவிடுகிறது. துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் வழக்கம்போல வந்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து ஒருவர். எல்லோரும் வெளியே நிற்கும்போது நீங்கள் மட்டும் எப்படி உள்ளே வந்தீர்கள்? யார் நீங்கள்?"

ஜெபசிங்குக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு வருஷமாகக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவனை அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டுவிட்டாள். பதில் எழுத விரலை வைத்தான். உள்ளே எப்படி வந்தேன் என்று சொன்னால் பூட்டியது யார் என்றும் சொல்ல வேண்டுமே. விரலை எடுத்துவிட்டான்.

அவன் பதில் சொல்லாதது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவையும் 'இந்த ஊரில் இருக்கிறவரே' என்று தொடங்கினாள். கூட்டத்துக்கு எழுதும்போது சொல்லாததையெல்லாம் சொன்னாள். வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை என்றாள். பிள்ளைகள் போன பிறகு காலியான ஸ்டாப்பில் நிற்கும்போது அழுகை வந்துவிடுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றாள். "நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரிவதால் எழுதுகிறேன், அதுவே எனக்குப் பெரிய துணை" என்றாள். அவன் லாட்ஜ் அறையில் படுத்துக்கொண்டு அந்த வரிகளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். கரமனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ஒவ்வொரு சேலையாகப் பார்ப்பான். சாப்பிட்டாயா என்று அவளிடம் கேட்க அவனுக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது. ராகேலிடம் ஊரே போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவன் ஒருவனுக்கு மட்டும் அது திருவிழாக் காலம்.

பிறகு அந்தப் பதிவு வந்தது. கடைசி பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள். ஓடி நஷ்டமாம், கேட்க ஆளுமில்லையாம். திங்கட்கிழமை காலை பஸ் ஆபீசில் பெரிய அதிகாரி குறை கேட்கிறார். எஸ்டேட்காரர்கள் வந்தால் அன்றைக்குக் கூலி போகும். "பஸ் விஷயமாகப் போராட வேண்டி வந்தால் தேதி மட்டும் சொல்லுங்கள், வந்து நிற்கிறோம் என்று போன மாதம் நீங்கள் எல்லோரும் எழுதினீர்களே. தேதி இதோ. ஆனால் இதை யார் படிப்பார்கள்? அவர்களுடைய நிஜப்பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த ஊரில் இருக்கிறவரே, தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்களும் வருவீர்களா?"

தெரிந்தவர்கள் என்று அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் யாரிடமும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிவிக்கிற வழி அவன் கைக்கே வந்தது. சனிக்கிழமை மத்தியானம் இன்னொரு பேக்ஸ். ஊர் ஊராகக் கூச்சல் கிளம்பியதால் அரசாங்கம் இறங்கி வந்திருந்தது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் அடைத்தால் போதும், மற்றதைத் திறந்துவிடவும்.

தாணு குடையை எடுத்துக்கொண்டார். நாகர்கோவிலில் அவருக்கு ஒரு கல்யாணம். "லேய், தனியா அடைக்க நம்ம மெஷினுக்குத் தெரியாதுல்லா, அந்தப் பூட்ட அப்படியே எடுத்துரு. எல்லாவனும் எடுத்துட்டான். மறந்துராத, என்ன?"

"எடுத்துருகேன் சார்."

ஒரு நிமிஷ வேலை. ஜெபசிங் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். இதை எடுத்தால் சாயங்காலத்துக்குள் முப்பது நாற்பது பேர் வந்து இறங்கிவிடுவார்கள். 'மேடம், எங்கே போனீர்கள்' என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். அவள் மறுபடியும் எல்லோருக்கும் எழுதத் தொடங்கிவிடுவாள். இன்று ராத்திரி இருக்கட்டும், நாளைக் காலையில் எடுத்தாலும் ஞாயிறு முழுக்க இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டான். அவனுக்குத் தெரியும், அது சமாதானம்தான் என்று.

ஞாயிறு காலை வந்தான். "இந்த ஊரில் இருக்கிறவரே, நாளைக்கு நீங்கள் வந்தால் நான் எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது? நீல நிறப் புடவை கட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள்தான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தவனுக்கு, முப்பது பேருக்கு நடுவில் ஒருத்தனாகப் போய் நிற்க மனசு வருமா? பூட்டு அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை காலை ராகேல் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். "மத்த லைன்லெல்லாம் வருகாம், நம்ம லைன்ல மட்டும் ஏம்லே வரல?"

"மெஷின் தகராறு, அக்கா. வந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கிப் போனான்.

பஸ் ஆபீஸ் வராந்தாவில் நீலப்புடவை. நினைத்ததைவிட வயது கொஞ்சம் கூட. நனைந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபசிங் கிட்டே போய், "நான்... இந்த ஊர்ல இருக்கவன்" என்றான். எத்தனையோ வாக்கியம் யோசித்து வைத்திருந்தான், வாயில் வந்தது இதுதான்.

அவள் முகம் மலர்ந்தது. அதை அவன் பார்த்தான், பொய்யில்லை. உடனே அவள் கண் அவன் தோளைத் தாண்டி மறுபடியும் கேட்டுக்குப் போயிற்று.

"நீங்க மட்டுந்தானா?" என்றாள். "மத்தவா யாரும் வரலையா?"

இரண்டு வருஷமாக அவன் ஆசைப்பட்டது அந்த 'நீங்க மட்டும்'தான். அது அவள் வாயால் வந்தபோது அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை, வெட்கத்தால்.

அதிகாரி நல்ல மனிதர்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு வராந்தாவை எட்டிப் பார்த்து, "டீச்சரே, ஆளெவிடே? ரெண்டு பேருக்காகவா பஸ்ஸு?" என்றார். வேறு யாரும் வருவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கவும் செய்தார். மழைதான் வந்தது. அடுத்த மாதம் முதல் அந்த பஸ் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வந்தேளே, அதுக்கு ரொம்ப நன்றி. லீவு போட்டுண்டு வந்திருப்பேள்" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்க நினைத்தான். கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது. பெயர்கூடச் சொல்லாமல் ஆபீசுக்கு ஓடிவந்து பூட்டை எடுத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் அவள் பதிவு வந்தது. தலைப்பு, 'ஒருவர் வந்தார்'. மழையில் வந்ததை, கூச்சப்பட்டு நின்றதை, பெயர் சொல்ல மறந்து போனதை அவ்வளவு பிரியமாக எழுதியிருந்தாள். "பஸ் போயிற்று. ஆனாலும் ஒருவர் வந்தார்" என்று முடித்திருந்தாள். அடியில் ஊரே கூடிவிட்டது. ஐயோ, தேதியே தெரியாதே என்றார் ஒருவர். மற்ற லைன்களில் சனிக்கிழமையே திறந்துவிட்டதாம், எங்கள் லைனில் மட்டும் ஏன் திங்கள் மத்தியானம் என்று கேட்டார் இன்னொருவர். யாருக்கும் பதில் தெரியவில்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தப் பிரியத்தை அவனால் தாங்க முடியவில்லை. முதல்முதலாகக் கருத்துப் பெட்டியில் எழுதினான். தன் முழுப்பெயர், வேலை, முதலில் பூட்டியது ஆர்டரால், சனிக்கிழமைக்குப் பிறகு பூட்டி வைத்தது தன் ஆசையால், எல்லாவற்றையும் எழுதினான். இந்த ஊரில் நான் ஒருவனே உங்களைப் படிக்க வேண்டும் என்று இருந்தது, மன்னியுங்கள் என்று எழுதி அனுப்பினான். திரையில் ஒரு வரி வந்தது: உங்கள் கருத்து சேர்ந்தது. பக்கத்தின் உரிமையாளர் அனுமதித்த பிறகே தெரியும்.

பத்மஜா தொடர்ந்து எழுதுகிறாள். பஸ் நின்ற பிறகு லயத்துப் பிள்ளைகள் சிலர் வருவதில்லை என்று எழுதினாள். சுஜா என்கிற சிறுமியின் ஜன்னல் சீட்டைப் பற்றி எழுதினாள். 'இந்த ஊரில் இருக்கிறவரே' என்று மட்டும் பிறகு எழுதவே இல்லை. ஜெபசிங் தினமும் காலையில் ஊரில் எல்லோருக்கும் திறந்திருக்கிற அந்தப் பக்கத்தைத் திறந்து, நேரே கருத்துகளுக்குப் போய், ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வருகிறான். எல்லோருடையதும் இருக்கிறது. அவனுடையதை அவள் இன்னும் விடவில்லை.