சம்மதக் கையெழுத்து

“முடியாதுன்னா முடியாது! பெர்லிஸ் எங்க இருக்கு தெரியுமா? பொம்பளப் புள்ளைய அங்க ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் நிம்மதியா தூங்குறதா?”

சோபாவில் உட்கார்ந்தபடியே கத்தினேன். என் மகள் வாணி, பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்புக்கான சம்மதப் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அனுப்புவதற்கு அன்றுதான் கடைசி நாள்.

கிள்ளானில் என்னைத் தெரியாத பெற்றோர் குறைவு. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் விமலன். ‘நம் பிள்ளைகளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் எங்கே?’ என்று மைக் கிடைத்த இடமெல்லாம் முழங்குகிறவன். பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கிறேன். அந்த இடம் என் வீட்டு வாசலுக்கே வந்தபோதுதான் நாட்டின் வடகோடியில் இருக்கும் பெர்லிஸ் எனக்குத் தூரமாகிவிட்டது. இவள் அண்ணன் பிரவின் தென்கோடியில் இருக்கும் ஜொகூர் பாருவுக்குப் படிக்கப் போனபோது நான் தூரத்தை அளக்கவே இல்லை. பஸ் ஏற்றிவிட்டு, ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

“நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க லா,” என்றேன்.

“யாருங்க அந்த நாலு பேரு? பேரச் சொல்லுங்க.”

கேட்டது என் மனைவி சந்திரகலா. மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள்.

யோசித்துப் பார்த்தேன். முதல் ஆளாக என் பெயர்தான் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பாடம் சொல்லிக்கொடுப்பது, சீருடை தேய்ப்பது, டியூஷனுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவது மட்டும் நான். வாணிக்குப் பதினோரு வருஷமாக மதிப்பெண்ணைப் பார்க்காமலே பந்தாவாகப் போட்டிருக்கிறேன். அவள் ஒருநாளும் பேனாவைத் தொட்டதில்லை.

அன்று தொட்டாள். “அப்பாவோ அம்மாவோ, யாரு வேணா போடலாம்மா,” என்று வாணி காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

“நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!”

“இருங்க. யாரு வேணான்னா?”

சாயங்காலம் பள்ளி மண்டபத்தில் என் பேச்சு. தலைப்பு, ‘பிள்ளைகளின் கல்வியில் பெற்றோரின் பங்கு.’ எனக்குப் பேச்சு எழுதித் தருவது எப்போதும் வாணிதான். அவ்வளவு கோபத்திலும் எழுதித் தந்திருந்தாள். வழக்கம்போல் படித்துப் பார்க்காமலே மேடையேறி, குரலை உயர்த்தி வாசித்தேன்.

“என் மகளுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்திருக்கிறது. இன்று காலை அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவர், அவளுடைய அம்மா.”

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அடிப்பாவி மகளே! எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். “அப்ப நீங்க என்னா சார் பண்ணீங்க?” கிண்டலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தாளைப் புரட்டினேன். அதற்கு அவள் பதில் எழுதித் தரவில்லை.

“சோபாவுல உக்காந்துகிட்டு வேணாம் வேணாம்னு கத்துனேன்க்கா,” என்றேன்.

அதற்கு யாரும் கைதட்டவில்லை.