வெள்ளிக்கிழமை முதல் உருப்படி

மோட்டார் சைக்கிள் சேசிஸின் கழுத்தில் நகத்தை வைத்து மிஸ்பா லேசாக நெம்பினாள். வேகவைத்த மொச்சையின் தோலைப் போலக் கறுப்பு கழன்று கையோடு வந்துவிட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். கணபதிப் பக்கத்துப் பட்டறையில், பவுடரை அடித்து ஓவனில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் போட்டு இரண்டாம் தடவையாக வந்திருக்கும் சேசிஸ் அது. முதல் தடவை கழுத்தில் மட்டும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு உரிந்தது. இந்தத் தடவை கழுத்து, கழுத்துக்கு இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் என்று ஐந்து இடத்தில் உரிந்தது. எல்லாம் வட்டம் வட்டமாக, யாரோ அளந்து வைத்தது போல. உரிந்த தோலைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் மங்கலாகச் சிவந்திருந்தது. துருவாக இருக்கும் என்று நினைத்தாள். மணல் அடித்துச் சுத்தமாக்கிய இரும்பில் ஒரு வாரத்துக்குள் எப்படித் துரு வரும் என்று மட்டும் விளங்கவில்லை. தோல்களைப் பொறுக்கி ஒரு போல்ட் டப்பாவில் போட்டு வைத்தாள்.

இது போதாதென்று, போல்ட் முடுக்குகிற மரைகளுக்குள்ளெல்லாம் பவுடர் உருகி இறுகிக் கிடந்தது. ரப்பர் அடைப்பு வைத்துவிட்டு அடியுங்கள் என்று இரண்டு தடவையும் சொல்லியிருந்தாள்.

"போட்டது கோட்டிங்கா, மூஞ்சிக்குப் பூசற பவுடரா?" என்று முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான் அர்ஷத். அவள் அண்ணன். உக்கடத்தில் அவன் நடத்தும் மெக்கானிக் கடையின் பின்பாதியைத்தான் அவளுக்கு விட்டிருந்தான். பழைய வண்டிகளைப் பிரித்துப் புதிதாக்குகிறேன் என்று அவள் ஆறு மாதமாக நச்சரித்ததற்கு, ஒரே ஒரு வண்டி செய்து காட்டு என்று சொல்லி விட்ட இடம். வண்டி சரியாக வரவில்லையென்றால் அந்த இடத்தில் பழைய டயர்களை அடுக்குவதாகச் சொல்லியிருந்தான். டயர்கள் ஏற்கெனவே வாசல்வரை வந்துவிட்டன.

"இன்னொரு தடவை போட்டா சரியாயிடும்ண்ணா."

"நீ போடு. நான் டயருக்கு எடத்த அளந்து வெக்கறேன்."

அந்த ஒரே ஒரு வண்டி, கிணத்துக்கடவு தோப்புக்காரர் பாலகோபாலுடைய பழைய மோட்டார் சைக்கிள். அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங் அம்மணி, சொகமுங்ளா? வண்டி எந்த மட்டுல இருக்குதுங்க?"

"கோட்டிங்தாங்க கொஞ்சம்..."

"அட, பதறாதீங்க. ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் வாரனுங்க. சேசிஸக் கண்ணுல பாத்தாப் போதும். சரியில்லீன்னா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, டெம்போல அள்ளிப் போட்டு வேற பக்கம் குடுத்தர்றேன்."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த ஊரில் ஒருவரும் திட்டுவதில்லை. டெம்போவில் அள்ளிக்கொண்டு போவதைக் கூட 'ங்க' போட்டுத்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை சேசிஸை ஆட்டோவில் கட்டிக்கொண்டு கணபதிக்குப் போனாள். பட்டறைக்காரர் அப்புசாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க அம்மணி. டீ சொல்லட்டுங்ளா?"

"டீ வேண்டாங்ண்ணா. இதப் பாருங்க."

அவர் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "காத்துல ஈரமுங்க," என்றார். பிறகு, "பழைய இரும்பு பாருங்க, உள்ளுக்குள்ள எண்ணெயக் குடிச்சிருக்கும்," என்றார். பிறகு பவுடர் மூட்டையைக் குறை சொன்னார். பவுடர் கொண்டுவந்த லாரியைக் குறை சொன்னார். கடைசியில், "உட்ருங்க. செஞ்சுபோடலாங்க," என்றார்.

'செஞ்சுபோடலாங்க.' இரண்டு மாதமாக இதே வார்த்தை. இதைக் கேட்டாலே அவளுக்குக் காது எரிந்தது.

"இந்தத் தடவை நான் நின்னு பாக்கணுங்ண்ணா."

"தாராளமாப் பாருங்க. இன்னிக்கு உரிச்சு வெச்சுர்றோம். நாளைக்கு வெள்ளிக்கெழம, வெள்ளென வந்துருங்க. இந்தவாட்டியும் உங்களுதுதானுங்க மொதல் உருப்படி."

வெள்ளிக்கிழமை பட்டறை திறக்கும்போதே மிஸ்பா போய் நின்றாள். எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மணல் அடித்தார்கள், ஒரு மூலை விடாமல் அடித்தார்கள். கழுவினார்கள். மருந்துத் தொட்டியில் முக்கினார்கள். கையுறை இல்லாமல் ஒருவரும் தொடவில்லை. காய வைத்துக் கொக்கியில் தொங்கவிட்டபோது சேசிஸ் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவளுக்கு எரிச்சல் கூடியது. குற்றம் இரும்பின் மேல்தானோ, வண்டியை எடுத்த தன் மேல்தானோ என்று கூடத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் அப்புசாமியின் மனைவி தெய்வாத்தாள் தட்டோடு வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். ஓவன் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பவுடர் அடிக்கிற துப்பாக்கிக்கு வைத்தாள். பிறகு சேசிஸின் பக்கம் வந்தாள். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த குங்குமத்தை விரலில் எடுத்துக் கழுத்தில் ஒன்று, கழுத்துக்கு இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் என்று அழுத்தி அழுத்தி வைத்தாள். போதாதென்று நடுக்குழாயிலும் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.

உரிந்த அதே ஐந்து இடங்கள்தாம் என்று மிஸ்பா எண்ணிப் பார்த்தாள்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் அப்புசாமி தோள் துண்டை எடுத்துப் பொட்டுகளைத் துடைத்தார். "தொடச்சுட்டுத்தானுங்க அடிப்போம்," என்றார் அவளைப் பார்த்து, பெருமையாக. "மத்தவங்களுக்கெல்லாம் ஓவனுக்கும் துப்பாக்கிக்குந்தான் பொட்டு. உங்களுக்கு மட்டுந்தானுங்க உருப்படிக்கே வெக்கறது. பொட்டப்புள்ள மொதல் மொதலாத் தொழில் தொடங்குதுன்னு இவதான் மொதல்ல ஒண்ணு வெச்சா. உரியுதுன்னு வந்தீங்ளா, அடுத்தவாட்டி அஞ்சாப் போட்டோம்."

"இன்னைக்குப் பாரு கண்ணு, உடும்புப்புடியா நிக்கும்," என்றாள் தெய்வாத்தாள்.

மிஸ்பா சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். ஆனால் தலையில் முக்காடு போட்ட ஒருத்தி இந்தப் பட்டறையில் நின்று, பொட்டு வைக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது கோட்டிங்கைப் பற்றிய பேச்சாக இருக்குமா? நாளைக்குத் தெருவில் அது என்னவாகப் போய்ச் சேரும்? திட்டுகிறவர்களாக இருந்தால் திருப்பித் திட்டிவிடலாம். இவர்கள் அவளுக்காகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். வேண்டாம், பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். வாசலில் அடுக்கிய டயர்கள் நினைவுக்கு வந்தன.

அப்புசாமி துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

"அண்ணா, ஒரு நிமிசம்."

அவள் பையிலிருந்து போல்ட் டப்பாவை எடுத்துத் திறந்து, அப்புசாமியிடம் கொடுக்காமல் தெய்வாத்தாளிடம் நீட்டினாள். "அக்கா, உரிஞ்ச தோலுங்க. உள்பக்கம் பாருங்க. நான் துருன்னு நெனச்சேன்."

தெய்வாத்தாள் ஒரு தோலை எடுத்துத் திருப்பினாள். விரலை நனைத்துத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த குங்குமத்தைப் பார்த்தாள். இன்னொரு தோலை எடுத்தாள். அதையும் முகர்ந்தாள்.

"நல்லெண்ணெ கருகுன வாசம்," என்றாள் மெல்ல.

அப்புசாமி துப்பாக்கியைத் தாழ்த்தினார். "அப்ப, சாமி குத்தங்கிறீங்ளா அம்மணி?" என்றார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை.

"இல்லீங்ண்ணா. குங்குமத்துல எண்ணெய் இருக்குதுல்லங்க. துண்டுல தொடச்சா போகுமுங்களா?"

அப்புசாமி தோள் துண்டை விரித்து, அதில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

"இருவது வருசமாத் தொழில் பண்றீங்க," என்றாள் தெய்வாத்தாள் புருஷனிடம். "உருப்படில எண்ணெக் கை பட்டா வேலைக்கு நிக்கறவனப் போட்டுத் திட்டறீங்க. நான் வெக்கறப்ப வாயில கொழுக்கட்டையா?"

"நீ வெச்சா எவன் சொல்றது?"

"ஏங்கண்ணு, மொதல்லயே சொல்லக் கூடாது?" என்று மிஸ்பாவின் பக்கம் திரும்பினாள். மிஸ்பாவின் முக்காட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு, அவளே பேச்சை விட்டாள். மிஸ்பாவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். "சரி, உடு. பொட்டு அந்தக் கொக்கிக்குப் போதும்."

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்ணெய் போக சேசிஸை மறுபடி தொட்டியில் முக்கிக் காய வைக்க வேண்டும். ஓவன் சூடாகி நின்றது. வரிசையில் பம்புசெட் மூடிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவையெல்லாம் உள்ளே போயின. முதல் உருப்படியாக இருந்த சேசிஸ் கடைசி உருப்படியாகிச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

சனிக்கிழமை ஓவனை விட்டு வந்த சேசிஸ் ஆறும்வரை மிஸ்பா காத்திருந்தாள். கழுத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். வரவில்லை. பின்பக்கம் நெம்பினாள். வரவில்லை. நகம்தான் பிளந்தது. அப்புசாமி மூச்சை விட்டார். அவளும் விட்டாள். அதற்கப்புறம்தான் மரைகளைப் பார்த்தாள்.

நடந்த அமளியில் ரப்பர் அடைப்பை எல்லோரும் மறந்திருந்தார்கள். அவளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாலகோபால் வந்தபோது, அவள் தரையில் உட்கார்ந்து மரை வெட்டும் கருவியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்துகொண்டிருந்தாள். கை கன்றிப்போயிருந்தது. அர்ஷத் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

பாலகோபால் சேசிஸைச் சுற்றி வந்தார். வேட்டி நுனியால் தேய்த்தார். சாவியால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டார். கறுப்பு அசையவில்லை. "டெம்போ வேண்டாமுங்க," என்றார். அர்ஷத் எழுந்து, உட்கார்ந்திருந்த டயரை உருட்டிக்கொண்டு முன்பக்கம் போனான்.

பாலகோபால் சட்டைப்பையிலிருந்து ஒரு மடிப்புக் காகிதத்தை எடுத்தார். வரும் வழியில் கோயிலில் வாங்கிய குங்குமம். கட்டைவிரலில் எடுத்துச் சேசிஸின் கழுத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார்.

மிஸ்பாவின் கை தானாகத் துடைக்கப் போய், பாதியில் நின்றது.

"அப்ப, மிச்சத்தையெல்லாம் எப்பங்க பூட்டறது?" என்றார் அவர்.

இன்னும் முக்கால்வாசி ஓட்டைகள் அடைபட்டுக் கிடந்தன.

"செஞ்சுபோடலாங்க," என்றாள் மிஸ்பா.