பைலட் வரிசையில் ஓர் இடம்

"அண்ணி, கத்தியக் கீழ வைங்க. எங்க தோண்டறதுன்னு முதல்ல சொல்லுங்க."

துர்சின் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான். குதிரை இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்த ஜெய்னெப் நிமிர்ந்து பார்த்தாள். அவன் மீசையில் பனி உறைந்திருந்தது. அவனும் அவள் கணவர் ஒராஸும் இந்தப் படைத்தளத்தில் ஒன்றாக வேலை பார்த்த விமான மெக்கானிக்குகள். ஒராஸ் இப்போது அடுத்த அறையில், திரைக்குப் பின்னால், குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்றிக் கிடத்தப்பட்டிருந்தார். முந்தாநாள் காலையில் பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"தோண்ட ஆள் போயாச்சுன்னு சொன்னாங்களே?"

"போயாச்சு. ரெண்டு எடத்துக்குப் போயாச்சு! அங்க பாருங்க."

ஜன்னல் வழியே ஓடுபாதைக்கு அப்பால் மேட்டிலிருந்த இடுகாடு தெரிந்தது. அதன் மேல்கோடியில் கன்னங்கரேலென்று ஒரு புகை, கீழ்ச்சரிவில் வெளுப்பாக ஒரு புகை. ஜனவரி மாதத்தில் இந்த ஊர் மண் இரும்பு. அதைச் சூடு காட்டி இளக்கினால்தான் மண்வெட்டி இறங்கும்.

"மேல எரியறது பைலட்டுங்க வேல. விடியறதுக்கு முன்னாடியே போயி, உங்க பையன் சமாதிக்குப் பக்கத்துல டயரப் போட்டுக் கொளுத்திட்டானுங்க. யாரக் கேட்டானுங்க? கீழ நம்ம ஆளுங்க. எஞ்சினுக்குச் சூடு ஊதற வண்டிய தளத்துலேருந்து கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்கோம். மதியத் தொழுகைக்குள்ள மண்ணு வெண்ணெயா ஆயிடும். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவனுங்கள வெரட்டிட்டு வந்துடறேன்."

ஒரு சாவுக்கு இரண்டு குழி. ஒராஸ் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார் என்று ஜெய்னெப்புக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணன் என்ன சொன்னாரு? சொல்லுங்க அண்ணி, சொன்னாரா இல்லையா? 'நான் செத்தா அந்த டிரைவருங்க வரிசையில மட்டும் படுக்க வச்சிடாதீங்கடா. ராத்திரியெல்லாம் தங்களப் பத்தியே பேசுவானுங்க, மனுஷன் தூங்க முடியாது'ன்னு. இந்தக் காதால கேட்டிருக்கேன்."

கேட்காதவர்கள் யார்? கல்யாண விருந்தில் சொன்னார், கர்னல்களின் பிரிவுபசாரத்தில் சொன்னார், போன புத்தாண்டுக்குக்கூடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கூரை பறக்கச் சிரித்தார்கள்.

இந்தத் தளத்தில் அந்தக் கிண்டல் இல்லாமல் ஒரு நாள் விடிந்ததில்லை. மெக்கானிக்குகளுக்கு பைலட்டுகள் எல்லாரும் டிரைவர்கள், சாக்லேட் தின்னிகள். பறக்கிறவர்களுக்கு மட்டும் தனிச் சாப்பாட்டுக்கூடமும் மாதாமாதம் சாக்லேட்டும் உண்டு, அந்த வயிற்றெரிச்சல். பைலட்டுகளுக்கு மெக்கானிக்குகள் எல்லாரும் எண்ணெய்ச் சட்டிகள். விமானம் எங்களுடையது, சாயங்காலம் திருப்பித் தருகிற கண்டிப்பில் உங்களுக்கு இரவல் தருகிறோம் என்பார்கள் மெக்கானிக்குகள். நாங்கள் இல்லாவிட்டால் அது வெறும் தகரம் என்பார்கள் அவர்கள். ஜெய்னெப்–ஒராஸின் ஒரே மகன் அய்பார் விமானி ஆகப்போகிறேன் என்றபோது ஒராஸ் தலையில் அடித்துக்கொண்டு, "என் வீட்டுலயே ஒரு டிரைவர் பொறந்துட்டானே" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பூரிப்பில் அன்று அவருக்குக் காலே தரையில் பாவவில்லை.

அய்பார் போய் எட்டு வருஷமாகிறது. மேகம் தாழ்ந்திருந்த ஒரு நாள், தெற்கே குன்றுகளில் மோதினான். அன்று அந்த விமானத்தைத் தயார்செய்து கொடுத்தவர் அவன் அப்பாதான்.

விமானம் விழுந்தால் இங்கே எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: மெஷினா, ஆளா? மெஷின் என்றால் மெக்கானிக்கின் தலை உருளும். ஆள் என்றால் செத்தவன் பெயர் கெடும். விசாரணைக் குழு பல வாரம் கழித்துச் சொன்னது, மெஷின் சுத்தம், விமானியின் தவறு என்று. அன்று சாயங்காலம் இதே துர்சின்தான் ஓடி வந்து, வாசலில் ஒராஸின் முதுகில் ஓங்கித் தட்டி, "பொழச்சோம் அண்ணே!" என்றான். ஜெய்னெப் இதே சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். ஒராஸ் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்து, வைத்த சூப்பைக் குடித்து முடித்தார்.

அந்தச் சூப்புக் கிண்ணத்தை அவள் மன்னிக்கவேயில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைக் கொடுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்ட மனுஷன் என்றுதான் அத்தனை வருஷமும் அவருக்குத் தேநீர் ஊற்றினாள். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவர் மகனின் சமாதிக்கு ஒருமுறைகூட அவளோடு வந்ததில்லை. வசந்தம்தோறும் அவள் தனியாகப் போய்க் களை பிடுங்கிவிட்டு வந்தாள். இப்போது எங்கே தோண்டுவது என்று துர்சின் கேட்கிறான். மகனுக்குப் பக்கத்தில் படுக்க இந்த மனுஷனுக்கு யோக்கியதை உண்டா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி..."

"இரு துர்சின். சித்த நேரம் இரு."

வாசலில் காலை உதறும் சத்தம் கேட்டது. கஸ்பெக் வந்தார். ஒரு காலத்தில் இந்தத் தளத்தின் தலைமை விமானி, ஓய்வுபெற்ற கர்னல். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் டயர்ப் புகை நாற, வாசற்படியிலேயே நின்றார்.

"வாங்க கர்னல் ஐயா," என்றான் துர்சின். "குழியெல்லாம் தயாரா? மாலையும் மேளமும்தான் பாக்கியா?"

"உன்கிட்ட நான் பேச வரல."

"அண்ணன்கிட்ட முப்பது வருஷம் பேச்சு வாங்கினது பத்தலன்னு இப்ப பக்கத்துலயே படுக்க வச்சுக்கப் பாக்கறீங்களா?"

"துர்சின், வெளிய போய் நில்லு," என்றாள் ஜெய்னெப். அவன் கதவு வரை போனான். அதற்கு மேல் போகவில்லை.

கஸ்பெக் முக்காலியில் உட்கார்ந்தார். "ஜெய்னெப், இங்க பாரும்மா. பைலட் வரிசையில பையனுக்குப் பக்கத்துல காலியா இருக்கற எடம் எனக்குன்னு ஒதுக்கினது. ஒராஸ் அங்க படுக்கட்டும். நான் அதுக்கு அடுத்ததுல படுத்துக்கறேன்."

"ஏன்?"

அவர் அடுத்த அறைத் திரையைப் பார்த்தார்.

"விசாரணை அறிக்கையில நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" அவள் குரல் உயர்ந்தது. அடுத்த அறையில் பெண்களின் ஒப்பாரி சட்டென்று நின்றது. "மெஷின் சுத்தம், பையன்தான் தப்புன்னு எழுதினது நீங்கதானே? இவரு பொழச்சாரு, எம்புள்ள கெட்டான். இப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு என்ன கணக்குத் தீர்க்கறீங்க?"

கஸ்பெக் தொப்பியை ஒருமுறை சுற்றினார்.

"ஒராஸ் பொழைக்கப் பாக்கலம்மா. கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாள் என் ஆபீசுக்கு வந்தான். கதவச் சாத்தினான். பாக்கெட்டுலேருந்து ஒரு ஸ்பேனர எடுத்து மேசை மேல வச்சான். 'இத நான் மெஷினுக்குள்ள மறந்து விட்டுட்டேன். அதுதான் போய் மாட்டிக்கிச்சு. பையனால விமானத்தத் திருப்ப முடியல. அப்படி எழுதுங்க'ன்னான்."

கதவருகில் துர்சின் அசைந்தான்.

"கரிக்கட்டையா இருந்துச்சு அது. ஆனா ஒரு கீறல் இல்ல, ஒரு நெளிசல் இல்ல. 'எரிஞ்சு நொறுங்கின மெஷினுக்குள்ள கெடந்தது இப்படியாடா இருக்கும்?'னேன். 'குன்று மேல கெடந்துச்சு, பொறுக்கினேன்'னான். 'டேய், அடுப்புல சுட்டுக் கொண்டாந்திருக்க, அடுப்புச் சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கு'ன்னேன். மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். பொய் சொல்லத் தெரியாத பய."

ஜெய்னெப்பின் கை இறைச்சிப் பலகையின் மேல் நின்றது. ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அடுப்பு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். வீடெல்லாம் இரும்பும் எண்ணெயும் எரிகிற நாற்றம். புள்ளையப் பறிகொடுத்த வீட்டில் இது என்ன வேலை என்று அவள் கத்தினாள். அவர் இடுக்கியால் எதையோ புரட்டிப் போட்டபடியே இருந்தார்.

"ஜெயில்ல போடுவாங்கடான்னேன். 'அங்கயும் சூப்பு ஊத்துவாங்க'ன்னான். முடியாதுன்னுட்டேன். கத்தினான், கால்ல விழவும் பாத்தான். கடைசியில எழுந்து நின்னு, 'நாலு டிரைவருங்க சேந்து செத்துப்போன ஒரு பையனக் காட்டிக் குடுக்கறீங்க'ன்னு சொல்லிட்டுப் போனான். வாசல் வரைக்கும் போயித் திரும்பி வந்து, 'ஜெய்னெப்புக்குத் தெரிய வேணாம், தோத்துட்டு வந்தேன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்'னான்."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அதுக்கப்புறம் அவன் எங்கள டிரைவருன்னு சொன்னப்போ எல்லாம் ஊர் சிரிச்சுது. நாங்களும் சிரிச்சோம். வேற என்னம்மா செய்யறது?"

"அந்த ஸ்பேனரா?" துர்சினின் குரல் அவனுடையது போலவே இல்லை. கதவோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, அந்த விசாரணை நடந்துட்டிருந்தப்போ ஒரு நாள் ஒரு ஸ்பேனரக் காணோம்னு அத்தன விமானத்தையும் நிறுத்திவச்சுத் தேடினோம். எங்க வேலையில ஒரு கருவி காணாமப் போனா ஒண்ணும் மேல போகக் கூடாதே. சாயங்காலம் அண்ணனே கொண்டாந்து பெட்டியில வச்சாரு. கருகிப் போயிருந்துச்சு. கேட்டா, அடுப்பக் கிளறினேன்னாரு. ஐயோ, எப்படியெல்லாம் கிண்டல் பண்ணினோம்! 'ஒராஸ் அண்ணன் வீட்டுல கரண்டி கெடையாது, ஸ்பேனராலதான் சூப்பு கிண்டறாரு'ன்னு. அவரும் கூடச் சேந்து சிரிச்சாரே."

அவன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "உள்ள மறந்து விட்டேன்னு எந்த மெக்கானிக்காவது வாயால சொல்லுவானா? செத்தாலும் சொல்ல மாட்டோம். எங்க எல்லாரு தலையிலயும் மண்ணள்ளிப் போடப் பாத்திருக்காரு, பாவி மனுஷன்." சொல்லும்போதே தோள் குலுங்கியது. கஸ்பெக் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை.

ஜெய்னெப் கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"கர்னல், நெஜத்தச் சொல்லுங்க. எம்புள்ள தப்புதான் பண்ணினானா?"

"ஆமாம்மா." அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மேகத்துக்குக் கீழ எறங்கினான். எறங்கியிருக்கக் கூடாது. அந்த வயசுல நானும் எறங்கியிருக்கேன். எனக்கு மலை குறுக்க வரல, அவ்வளவுதான்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பானை கொதித்து விளிம்பில் வழிந்தது. அவள் அதை இறக்கி வைத்தாள்.

"பையன் பக்கத்துல வைங்க," என்றாள்.

துர்சின் தலைதூக்கினான். "அண்ணன் வேணாம்னு சொன்னது?"

"அவர் வேணாம்னது இவங்கள. பையன இல்ல."

கஸ்பெக் தலையசைத்தார். "சரியாத்தான் சொல்ற. எனக்கு அடுத்த எடம். திட்டிக்கிட்டே கெடக்கட்டும்."

துர்சின் சுவரைப் பிடித்து எழுந்தான். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். "டயரப் போட்டு வேகற மண்ணா அது? மேல மட்டும் சுடும், ஒரு முழத்துக்குக் கீழ கல்லாத்தான் இருக்கும். எங்க வண்டிய மேல ஏத்தறேன். உங்க டிரைவருங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க கர்னல். குழி நாங்கதான் தோண்டுவோம்."

"சரிடா எண்ணெய்ச் சட்டி. மண்ணு தள்ளவாவது விடுவியா?"

"பாக்கலாம்."

இருவரும் சேர்ந்தே வெளியே போனார்கள். படியில் வழுக்கிய கஸ்பெக்கைத் துர்சின் முழங்கையில் பிடித்து நிறுத்தினான். "தரையிலயே ஓட்டத் தெரியல" என்று அவன் முணுமுணுத்தது உள்ளே கேட்டது.

மதியத் தொழுகை நெருங்கியதும் மௌலவி வந்தார். சொல்லிக்கொள்ள நினைக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம், கண்ணீர் மட்டும் மேலே விழக்கூடாது என்றார். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. ஜெய்னெப்புக்கு இதுதான் கடைசி. பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் மூச்சுக்காற்று வெளுத்தது. அவளுடையது மட்டும். முகத்துத் துணியை விலக்கினாள். சவரம் செய்திருந்தார்கள். தாடையில் ஒரு சின்ன வெட்டு, ரத்தமில்லாமல்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "எட்டு வருஷமா உங்கள வெறுத்தேன். ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து வெறுத்தேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் அவள் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணீர் பொங்கி வந்தது. மேலே விழுந்துவிடாமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையால் ஒற்றினாள். வெளியே முற்றத்தில் ஆட்கள் கூடும் சத்தம். யாரோ யாரையோ வரிசையாக நிற்கச் சொல்லி அதட்டினார்கள்.

அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"டிரைவருங்க நடுவுலதான் போறீங்க. அவன்கிட்ட போனதும் முதல்ல நல்லா இருக்கியாடான்னு கேளுங்க. கிண்டலெல்லாம் அப்புறம்."

துணியை இழுத்து முகத்தை மூடினாள். கழுத்தோரம் ஒரு மடிப்பு சரியாக விழவில்லை. இரண்டு தடவை நீவிவிட்டாள். பிறகு எழுந்து, திரையை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தூக்குகிறவர்களை உள்ளே வரச் சொன்னாள்.